சாப்போரோவில் ஒரு கிண்ணம் ராமென்

"ராமென்" என்னும் சொல்லைத் தமிழில் எழுதுகிறவர்கள் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒற்றைக் கொம்பு ஒன்று விட்டுப் போனால், கோதண்டம் ஏந்திய தசரத குமாரன் வந்து நின்றுவிடுவான். ஜப்பானுக்குப் போன பிள்ளை, "இங்கே தினந்தோறும் எனக்கு ராமன்தான் ஆகாரம்" என்று வீட்டுக்கு எழுதினால், பாட்டி அந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "கடல் கடந்த பிறகாவது குழந்தைக்குப் பக்தி வந்ததே!" என்று பூரித்துப் போவாள்.

விஷயம் அதுவல்ல. கோதுமை மாவில் செய்த நீண்ட இழைகளைக் கொதிக்கும் சாற்றில் இட்டு, மேலே காய்கறியும் மாமிசமும் பரப்பி, பெரிய கிண்ணத்தில் கொடுக்கும் உணவுக்குத்தான் ராமென் என்று பெயர். இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றும், சேமியாவுக்குத் தமையன் என்றும் சொல்லலாம். இது ராஜபோஜனம் அல்ல. நம் ஊரில் இட்டிலிக் கடைக்கு எந்த ஸ்தானமோ, ஜப்பானில் ராமென் கடைக்கு ஏறக்குறைய அந்த ஸ்தானம். ஆபீஸ் குமாஸ்தா, கலாசாலை மாணாக்கர், லாரி ஓட்டுகிறவர், இரவு வேலை முடிந்து வரும் நர்ஸ் அம்மாள் எல்லோரும் அங்கே தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஊருக்கு ஊர் இதன் ருசி மாறுகிறது. தெற்கே ஹகாதாவில் பன்றி எலும்பைக் காய்ச்சிய வெண்மையான சாறு. டோக்கியோவில் சோயாக் குழம்பு கலந்த கபில நிறச் சாறு. வடக்கே சாப்போரோ நகரத்தில் 'மிஸோ' கரைத்த கெட்டிச் சாறு. இந்த மூன்றாவது வகையைச் சாப்பிடத்தான் நாம் சாப்போரோவுக்கு ஒரு மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தோம்.

பனிக்குள்ளே ஓர் ஊர்

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ என்று ஒரு பெரிய தீவு. அதன் தலைநகரம் சாப்போரோ. பத்தொன்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் நகரம்; சதுரங்கப் பலகையைப் போல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தாற்போன்ற வீதிகள். இங்கே ஒரு குளிர்காலத்தில் விழும் பனியையெல்லாம் கூட்டிக் கணக்கிட்டால் சுமார் 5 மீட்டர் ஆகிறது; அதாவது மூன்று ஆள் உயரம். சித்திரை வெயிலில் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் குளிரைச் சொல்லால் விளங்க வைப்பது கடினம். மூச்சு விட்டால் எதிரே புகையாக நிற்கிறது. காது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட இரவில், சுசுகினோ என்னும் கடைத்தெருப் பகுதியில், ஒரு குறுகிய சந்துக்குள் நாமும் நம் ஜப்பானிய நண்பரும் நுழைந்தோம். இரு பக்கமும் ராமென் கடைகள். இந்த மாதிரிச் சந்து ஒன்று 1951-ஆம் ஆண்டிலேயே இந்தப் பக்கத்தில் ஏற்பட்டது. பிற்பாடு நகரத்தைத் திருத்திக் கட்டியபோது அது போய்விட்டது. 1972-ல் இங்கே குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடப்பதற்கு முந்திய வருஷம், இப்போதுள்ள சந்து எழுந்தது. ஒரு கடையின் அகலம் நம் வீட்டு நடையைக் காட்டிலும் அதிகம் இராது. வாசலில் தொங்கும் துணித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், "இரஷ்ஷாய்மாஸே!" என்று ஒரு முழக்கம். "வாருங்கள், வாருங்கள்" என்று அர்த்தமாம். அடுப்பங்கரையில் நிற்பவர் தலையைத் திருப்பாமலே அப்படி முழங்குகிறார். நமக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது, பிறகு பழகிவிட்டது.

பல கடைகளில் வாசலிலேயே ஓர் இயந்திரம் நிற்கிறது. அதில் பணத்தைப் போட்டு, வேண்டியதற்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தினால் சீட்டு வருகிறது. கிண்ணம் ஒன்றுக்கு ஆயிரம் யென் சுற்றுவட்டத்தில் விலை. சீட்டைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பேரம் இல்லை; பில் இல்லை; பரிசாரகருக்கு இனாம் கொடுக்கும் வழக்கமும் இந்தத் தேசத்தில் இல்லை. ஒரு நீண்ட பலகை. அதன் முன் பத்துப் பன்னிரண்டு ஆசனங்கள். பலகைக்கு அப்பால் அடுப்பு. சாப்பிடுகிறவனுக்கும் சமைக்கிறவனுக்கும் நடுவே மறைவு என்பதே கிடையாது. இரண்டு முழ தூரத்தில் நடக்கும் அந்தச் சமையலைப் பார்ப்பதே பாதி விருந்து.

அடுப்பின் முன்னால்

அகன்ற இரும்பு வாணலியில் சமையற்காரர் பன்றிக் கொழுப்பை விட்டுப் புகையும்வரை காய்ச்சுகிறார். முளை கட்டிய பயறு, வெங்காயம், கொஞ்சம் கொத்திறைச்சி எல்லாவற்றையும் அதில் கொட்டுகிறார். சடசடவென்று சப்தம், ஓர் ஆள் உயரத்துக்கு ஜ்வாலை. அதன்மேல் ஒரு கரண்டி மிஸோவை இட்டு ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்தில் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும் எலும்புச் சாற்றை மொண்டு ஊற்றுகிறார். இன்னொரு பானையில் கம்பி வலைக் கூடைக்குள் இழைகள் வெந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்து உதறும் உதறலில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிராது. கிண்ணத்தில் இழைகள், அதன்மேல் சாறு, மேலே மூங்கில் குருத்தும் வெங்காயத் தாளும். ஐந்தாறு நிமிஷத்துக்குள் கிண்ணம் நம் முன்னே வந்துவிடுகிறது.

மிஸோ என்பது என்ன? சோயாப் பயற்றை வேகவைத்து மசித்து, உப்பும், ஒருவகைப் பூசணம் வளர்த்த அரிசியும் கலந்து, மாதக் கணக்காக மூடிவைத்துப் புளிக்கச் செய்த விழுது. பூசணம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ராத்திரி அரைத்த மாவு காலையில் பொங்கி நிற்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள்தாம் காரணம் என்பதை அறிந்த நாம் சுளிப்பது நியாயமல்ல. பார்வைக்குப் பழம் புளியைப் போல் இருக்கும். ஜப்பானியக் குடும்பங்களில் காலை வேளையில் மிஸோவைக் கரைத்த சாறு வைப்பது பல நூற்றாண்டு வழக்கம். நமக்கு ரசம் எப்படியோ அவர்களுக்கு இது அப்படி.

இழைகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாவு பிசையும்போது ஒரு காரநீரைச் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் அப்பளத்துக்கு அப்பளக்காரம் சேர்ப்பதில்லையா? இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதனால் இழைக்கு மஞ்சள் நிறமும், பல்லுக்குப் பிடிகொடுக்கும் ஒரு விறைப்பும் உண்டாகின்றன. சாப்போரோ இழை சற்றுப் பருமனாயும் சுருள் சுருளாயும் இருக்கும். கெட்டிச் சாறு அந்தச் சுருள்களில் தங்கி, இழையோடு கூடவே வாய்க்கு வருகிறது. சாற்றின் மேல் மெல்லிய ஏடாகக் கொழுப்பு மிதக்கிறது. குளிர் பிரதேசத்தில் அது பானைக்கு மூடி போட்டாற்போல; கடைசி வாய்வரை சூடு ஆறுவதில்லை. ஹொக்கைடோ பால்பண்ணைகளுக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போன இடமாகையால், சில கடைகளில் ஒரு கட்டி வெண்ணெயும் ஒரு பிடி சோளமும் மேலே வைத்துத் தருகிறார்கள்.

சாப்பிடும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டில் காப்பியை உறிஞ்சிச் சப்தம் செய்தால் பெரியவர்கள் அதட்டுவார்கள். இங்கேயோ, இழைகளைக் குச்சிகளால் தூக்கி, 'சுர்ர்ர்' என்று உறிஞ்சுவதுதான் முறை. உள்ளே போகும் காற்று சூட்டை ஆற்றுகிறது. மணத்தையும் மூக்குக்கு ஏற்றுகிறது. பத்துப் பேர் ஏககாலத்தில் உறிஞ்சும் சப்தத்தைக் கேட்டால் ஒரு கோஷ்டி கானம் என்றே தோன்றும். நாம் முதலில் கூச்சத்துடன் மௌனமாகத் தொடங்கினோம், நாக்கு வெந்தது. பிறகு கோஷ்டியோடு கலந்துகொண்டோம். உப்பும், இனிப்பும், இஞ்சியின் உறைப்பும், இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாத ஓர் ஆழ்ந்த ருசியும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கியபோது, வெளியே விழுந்துகொண்டிருந்த பனியின்மீது நமக்கு இருந்த கோபம் தணிந்துவிட்டது.

சைவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மிஸோ பயற்றிலிருந்து வருவதாயினும், கடைகளில் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பிலோ கோழி எலும்பிலோதான் காய்ச்சப்படுகிறது. "மாமிசம் வேண்டாம்" என்று சொன்னால் மேலே உள்ள துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், சாறு மாறாது. ஆகவே விரதம் காப்பவர்கள் விசாரிக்காமல் கிண்ணத்தைத் தொடக் கூடாது. பௌத்த மடங்களில் மாமிசம் கலவாத சமையல் முறை ஒன்று நெடுங்காலமாக உண்டு; அந்த முறையில் சமைக்கும் போஜனசாலைகளைத் தேடிப் போவது நல்லது.

பெயர் வந்த கதை

ராமென் கடையில் சாப்பிட்டான பிறகு உட்கார்ந்து பேசுவது மரியாதையல்ல. வாசலில் பனியில் பலர் காத்திருப்பார்கள். ஆகையால் நம் நண்பர் இந்த உணவின் பூர்வோத்தரத்தை மறுநாள்தான் சொன்னார். 1876-ல் விவசாயக் கலாசாலையாகத் தொடங்கிய ஹொக்கைடோ சர்வகலாசாலையைப் பார்க்கப் போயிருந்தோம். அதன் பிரதான வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டு, "உங்கள் கிண்ணத்தின் பெயர் இந்தப் பக்கத்தில்தான் பிறந்தது என்பார்கள்" என்று அவர் ஆரம்பித்தார்.

1922-ஆம் வருஷம் சர்வகலாசாலைக்கு எதிரே 'தாகேயா' என்னும் சிறு போஜனசாலை ஒன்றை ஒரு தம்பதிகள் நடத்தி வந்தார்கள். அங்கே வாங் வென்ட்சாய் என்ற சீனர் சமையற்காரராக அமர்ந்தார். அவர் கையால் செய்த இழையும் சாறும் மாணாக்கர்களுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டன. ஆனால் அவர்கள் அதைக் கேட்ட விதம் அழகாயில்லை. சீனர்களை இழித்துக் கூற வழங்கிய ஒரு சொல்லை முன்னால் சேர்த்து, அதையே உணவின் பெயராக்கிக் கூவினார்கள். துவேஷத்தினால் என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லோரும் அப்படிச் சொன்னார்கள், அவர்களும் சொன்னார்கள். அடுப்பருகே நின்ற மனிதரின் காதில் அது விழாமல் இராது. அங்கே சாப்பிட வந்த சீன மாணாக்கர்களின் காதிலும் விழுந்தது.

எஜமானியான தாத்ஸு அம்மாளுக்கு இது பொறுக்கவில்லை. வாங் ஒவ்வொரு கிண்ணமும் தயாரானதும் "ஹாவ்-லா!", அதாவது "ஆயிற்று!" என்று உரக்கக் குரல் கொடுப்பாராம். அந்தக் குரலின் கடைசி ஒலியை எடுத்து, இழை என்று பொருள்படும் 'மென்' என்பதோடு சேர்த்து, "இனிமேல் இதற்கு ராமென் என்று பெயர்" என்று அந்த அம்மாள் எழுதிப் போட்டுவிட்டாள். ஜப்பானியர் வாயில் 'லா' என்பது 'ரா' ஆகிவிடும். சமைத்தவனை இழிவு செய்த பெயர் போய், சமைத்தவனுடைய குரலே பெயராயிற்று!

இந்தக் கதையை எல்லா ஆராய்ச்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வதில்லை. கையால் இழுத்துச் செய்யும் இழைக்குச் சீன பாஷையில் உள்ள பெயரே திரிந்து ராமென் ஆயிற்று என்பது ஒரு கட்சி. சீனச் சமையற்காரர்களை வைத்து டோக்கியோவின் அஸகுஸா பகுதியில் 1910-லேயே இந்த வகை உணவை விற்ற 'ராய்ராய்கென்' என்ற கடையும் உண்டு. ஆகவே பெயரின் பிறப்பைப் பற்றிப் பந்தயம் கட்ட நாம் தயாராயில்லை. ஆயினும் சாப்போரோக்காரர்கள் இந்தக் கதையை இன்றுவரை சொல்லி வருகிறார்கள் என்பதையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

இழிபெயர் என்பது என்ன செய்யும் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போன நம் மக்களில் பலருடைய பெயர்கள் 'சாமி' என்று முடிந்தன. அந்தச் சொல்லையே அங்கிருந்த வெள்ளையர்கள் ஏளனப் பெயராக்கி இந்தியர் எல்லோர்மீதும் எறிந்தார்கள் என்று மகாத்மா காந்தி தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். 'கூலி' என்று அழைத்தது வேறு. அங்கே தலைவன் என்று பொருள்படும் சொல் வசையாயிற்று. இங்கே வசையாயிருந்த ஒன்றை ஒரு போஜனசாலை அம்மாள் மாற்றினாள். சட்டம் போட்டு மாற்றவில்லை; ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மாற்றினாள்.

மிஸோ சேர்ந்த விதம்

பத்து வருஷங்கள் கழியவில்லை. 1931-ல் ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவில் புகுந்தது. 1937-ல் சீனத்தோடு முழு யுத்தம் மூண்டது. சமையற்காரரின் பெயரைக் காத்த அம்மாள் வாழ்ந்த அதே தேசம் அவருடைய ஜனங்களை என்ன பாடு படுத்தியது என்பது உலகம் அறிந்தது. ஏகாதிபத்தியத்தின் கையில் அடிபட்ட நாம் இதை மறைத்துப் பேசுவது முறையல்ல. நம் நண்பரும் மறைக்கவில்லை.

1945-ல் யுத்தம் தோற்றது. அரிசி விளைச்சலும் பொய்த்தது. கப்பல் கப்பலாக அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. சீனத்திலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் வீடு வாசல் இழந்து திரும்பிய ஜப்பானியர்கள் பலர், அங்கே கண்ட உணவை நினைவில் வைத்துக்கொண்டு, சாப்போரோவின் தெருவோரங்களில் தள்ளுவண்டி போட்டு ராமென் விற்கத் தொடங்கினார்கள். மாவு பரங்கியருடையது; பக்குவம் சீனருடையது; பசி மட்டும் சொந்தம்.

அவ்விதம் மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்களில் ஓமியா மோரிதோ என்பவர் ஒருவர். 1950-ல் 'அஜி நோ ஸாம்பெய்' என்ற கடையைத் தொடங்கினார். அவருடைய கடையில் பன்றி இறைச்சி சேர்த்த மிஸோச் சாறும் உண்டு. ஒரு வாடிக்கைக்காரர், "இதில் கொஞ்சம் இழையைப் போட்டுக் கொடுமேன்" என்று கேட்டாராம். ஐரோப்பாவைச் சேர்ந்த மாகி கம்பெனியின் தலைவர், ஜப்பானியர்கள் தங்களுடைய மிஸோவின் அருமையை இன்னும் நன்றாகப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னதாக ஒரு பத்திரிகையில் படித்ததும் அவரைத் தூண்டியது என்பார்கள். வீட்டில் உள்ள பொருளின் பெருமையை வெளியூர்க்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! இந்த விஷயத்தில் ஜப்பானியர்கள் நமக்கு நெருங்கிய பந்துக்களே. பல தடவை செய்து பார்த்து, 1955-ஐ ஒட்டி அவர் மிஸோ ராமெனைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு அது பரவிய வேகம் ஆச்சரியமானது. 1968-ல் பொட்டலத்தில் அடைத்த மிஸோ ராமென்கூட, 'சாப்போரோ' என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு, தேசமெங்கும் விற்பனைக்கு வந்துவிட்டது. வெந்நீர் ஊற்றினால் உண்ணத்தக்க ராமெனை 1958-ல் கண்டுபிடித்த அண்டோ மோமோபுகுவோ, தாய்வான் தீவில் பிறந்தவர். இந்தக் கிண்ணத்தில் எத்தனை தேசத்தார் கை பட்டிருக்கிறது, பாருங்கள்! இருந்தும் சாப்போரோக்காரரைக் கேட்டால், "எங்கள் ஊர்ச் சாப்பாடு" என்று மார்தட்டிச் சொல்வார். அவர் சொல்வதும் சரிதான். வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளாமல், தன் வீட்டுப் பானையிலிருந்த மிஸோவை அதில் கரைத்தானே, அந்தக் கணத்தில் அது அவனுடையதாயிற்று. நம்மிடம் வந்த மிளகாயும் உருளைக்கிழங்கும் இப்படித்தானே நம்முடையவை ஆயின? வெளியிலிருந்து ஒன்றும் வராமல் கதவடைப்பதல்ல சுதேசியம். வந்ததைத் தன் கைப்பக்குவத்தால் தனதாக்கிக்கொள்வது. தந்தவனை மறவாதிருந்தால் அது இன்னும் உயர்ந்தது.

மறக்கப்பட்ட பெயர்

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால், சாப்போரோவுக்கு ஒரு பெரிய கடன் பாக்கி இருக்கிறது. 'சாப்போரோ' என்பது ஜப்பானியச் சொல்லே அல்ல. ஜப்பானியர் கூட்டங்கூட்டமாகக் குடியேறுமுன் அந்தத் தீவில் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஐனு மக்களின் சொல் அது, ஆற்றைக் குறித்தது. 1869-ல் அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று அரசாங்கம் பெயரிட்டது. பிறகு ஐனுக்களின் நிலமும் ஆறும் காடும் கைமாறின. 1899-ல் அவர்களைப் 'பாதுகாக்க' என்று சொல்லி ஒரு சட்டம் செய்தார்கள். அது அவர்களை விவசாயிகளாக்கி, ஜப்பானியராகக் கரைத்துவிட முயன்ற சட்டம். அது 1997-ல்தான் நீங்கிற்று. அவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 2019-ல்.

"ஒரு சமையற்காரருடைய குரலைப் பெயரில் வைத்துக் காத்தோம் என்று பெருமைப்படுகிறோம், ஊருக்கே பெயர் கொடுத்தவர்களைப் பற்றி எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வரிக்கு மேல் சொல்லித்தரவில்லை" என்றார் நம் நண்பர். நாம் பதில் சொல்லவில்லை. தங்கள் தேசத்தைப் பற்றி இவ்விதம் சொல்லத் துணிந்தவர்களிடம், அந்நியர்கள் ஒத்து ஊதுவதைவிட மௌனமாயிருப்பதே கௌரவம் என்று தோன்றிற்று.

ஜப்பானியர்கள் சாப்பிட்டு எழும்போது "கோச்சிஸோஸாமா" என்று சொல்கிறார்கள். விருந்துக்கு நன்றி என்பது கருத்து. அதற்குள் அடங்கிய 'சிஸோ' என்னும் சொல்லுக்கு ஓடி அலைதல் என்று பொருளாம். விருந்தினருக்கு உணவு தேடி நாலா பக்கமும் ஓடியவர்களின் சிரமத்தை நினைத்துச் சொல்லும் வார்த்தை அது. ராமென் கடையில் கிண்ணத்தைத் தாமே பலகைமேல் தூக்கி வைத்துவிட்டு, மேஜையை ஒரு துடை துடைத்துவிட்டு, அடுப்பருகே நிற்பவரைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் பலரும் வெளியேறுகிறார்கள். சாப்போரோவுக்குப் போகும் நேயர்கள் வேறு ஜப்பானிய வார்த்தை எதையும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை. இந்த ஒன்றை மாத்திரம் மனப்பாடம் செய்துகொண்டு போவார்களாக. உச்சரிப்புச் சிறிது பிசகினாலும், சமைத்தவர் அப்போது கட்டாயம் தலையைத் திருப்பிப் பார்ப்பார்.